மலைவீட்டில் தொடர் பனிப்புயல்: நான்காவது புயலையும் தாங்க என்ன செய்ய வேண்டும்

ஒற்றைப் பனிப்புயல் என்றால் எப்படியோ ஓட்டிவிடலாம். இரண்டு நாள் கரண்ட் இருக்காது, மூன்றாம் நாள் சாலை திறந்துவிடும். புயல்கள் வரிசைகட்டி வரும்போது கணக்கே மாறிவிடுகிறது. முதல் புயலின் பனி கரைவதற்குள் அடுத்தது அதன் மேல் கொட்டுகிறது. கூரையில் சுமை ஏறிக்கொண்டே போகிறது, வாரிய பனியைப் போட இடமில்லை, எரிபொருள் வண்டி மலையேறுவதில்லை. நான்காவது புயலில் படும் பாடுகளில் பெரும்பாலானவை முதல் புயலன்று செய்யாமல் விட்ட வேலையில் தொடங்கியவைதான். கீழே உள்ள கணக்குகளெல்லாம் இரண்டு வாரம் யாரும் வந்து சேர முடியாது என்று வைத்துப் போட்டவை.

தரை உறைவதற்கு முன்

முதல் வேலை அடையாளக் கம்புகள் நடுவது. ஒன்றரை மீட்டர் பனி விழுந்த பிறகு படிக்கட்டு எது, பாதை விளிம்பு எது என்று உங்கள் வீட்டிலேயே உங்களுக்குத் தெரியாது. பாதையின் இரு ஓரங்கள், கேஸ் டேங்க், அதன் ரெகுலேட்டர், கிணற்று மூடி, செப்டிக் டேங்க் மூடி, தீயணைப்புக் குழாய் ஆகிய எல்லாவற்றுக்கும் பக்கத்தில் இரண்டரை மீட்டர் உயரத்தில் பளிச்சென்ற நிறக் கம்பு வேண்டும். தரை உறைந்துவிட்டால் கம்பு இறங்காது. அதனால் இது இலையுதிர்கால வேலை.

கேஸ் ரெகுலேட்டரும் குழாயும் கூரைச் சரிவுக்கு நேர் கீழே இருக்கின்றனவா என்று பாருங்கள். தகரக் கூரையிலிருந்து பனி மொத்தமாகச் சரியும்போது குழாயை முறித்துக்கொண்டு போய்விடும். எல்பிஜி காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாது, பனிக்கு அடியிலேயே ஊர்ந்து அடித்தள அறைக்குள் இறங்கிவிடும். ரெகுலேட்டருக்கு மேல் உறுதியான சின்னத் தடுப்புக் கூரை ஒன்று கட்டிவிடுங்கள்.

ஹீட்டர், வாட்டர் ஹீட்டர் ஆகியவற்றின் புகை சுவர் வழியாக எங்கே வெளியேறுகிறது என்று வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். பல வீடுகளில் அந்தக் குழாய் தரையிலிருந்து முழங்கால் உயரத்தில்தான் இருக்கும். ஒரே இரவில் பனி அதை மூடிவிடலாம். மூடினால் ஹீட்டர் தானாக நின்றுபோகும், அல்லது புகை வீட்டுக்குள் திரும்பும்.

வாரிய பனியை எங்கே போடுவது

எல்லோரும் சறுக்கும் இடம் இது. முதல் புயலில் பாதைக்குப் பக்கத்திலேயே குவித்துவிடுகிறார்கள். மூன்றாவது புயலில் இரு பக்கமும் ஆள் உயரச் சுவர் நிற்கும், பாதை நடுவில் குறுகிக்கொண்டே வரும், பனியைத் தூக்கி எறியத் தோள் போதாது.

முதல் புயலிலேயே தேவைக்கு மேல் ஒவ்வொரு பக்கமும் ஒரு மீட்டராவது அதிகமாகத் திறந்து வையுங்கள். பனியைக் காற்று வீசும் திசையிலேயே, முடிந்த அளவு தள்ளிப் போடுங்கள். சாலை சுத்தம் செய்யும் வண்டி எந்தப் பக்கத்திலிருந்து வருகிறதோ, உங்கள் வாசலுக்கு முன்னால் அந்தப் பக்கச் சாலையோரத்தில் சில மீட்டர் நீளத்துக்கு ஒரு காலியிடம் வெட்டி வைத்தால், வண்டி தள்ளிக்கொண்டு வரும் பனி அதில் விழுந்துவிடும், உங்கள் வாசலை அடைக்காது. அப்படியும் வாசலில் விழுந்ததை உடனே வாருங்கள். கலைந்து அழுந்திய பனியின் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டி இறுகும். ஓரிரு மணி நேரத்தில் காங்கிரீட் போல ஆகிவிடும்.

புயல் முடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. 15 சென்டிமீட்டர் சேர்ந்ததும் ஒரு முறை, மறுபடி 15 சேர்ந்ததும் ஒரு முறை. மொத்த எடை அதேதான், ஆனால் ஒவ்வொரு வீச்சிலும் தூக்குவது குறைவு. குளிரில் இரத்தக் குழாய்கள் சுருங்கியிருக்கும் நிலையில் திடீரென்று கடுமையாகப் பனி வாருவது மாரடைப்பைக் கொண்டுவரும். இதய நோய் உள்ளவர்கள் மண்வெட்டியைத் தொடவே வேண்டாம். மற்றவர்களும் தூக்குவதைவிடத் தள்ளுவதே நல்லது.

பனி வீசும் இயந்திரம் இருந்தால் அதன் ஷியர் பின்கள் குறைந்தது ஆறு கையிருப்பில் வேண்டும். கல்லோ கட்டையோ சிக்கினால் கியர் உடையாமல் இருக்கத் தானே முறியும்படி செய்த பின் அது. அவசரத்துக்கு எஃகு போல்ட் போட்டால் அடுத்த முறை கியர்பாக்ஸே போய்விடும். வாய் அடைத்துக்கொண்டால் எஞ்சினை அணைத்துவிட்டுக் குச்சியால்தான் எடுக்க வேண்டும். அணைத்த பிறகும் திருகுத் தகட்டில் விசை தேங்கி நின்று, அடைப்பு விலகியதும் சட்டென்று சுழலும். விரல் போவது அப்படித்தான்.

வழுக்கலுக்குச் சாதாரண உப்பு மைனஸ் 9 டிகிரிக்குக் கீழே ஏறக்குறைய வேலை செய்யாது. அதற்கும் கீழே கால்சியம் குளோரைடு போடலாம். கடுங்குளிரில் மணல்தான் சரி. உருக்காது, ஆனால் காலுக்குப் பிடிப்பு கொடுக்கும்.

கூரைச் சுமையை எடைபோட்டுப் பார்ப்பது

பனியின் உயரத்தை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். புதிதாக விழுந்த உலர்ந்த பனி ஒரு கனமீட்டருக்கு 50 முதல் 100 கிலோ. சில நாள் அமர்ந்த பனி 200 முதல் 300 கிலோ. நனைந்த பனி 400 கிலோவையும் தாண்டும். அரை மீட்டர் உயரம் என்பது சதுர மீட்டருக்கு 30 கிலோவாகவும் இருக்கலாம், 200 கிலோவாகவும் இருக்கலாம்.

அளப்பதற்குக் கூரையேற வேண்டாம். வீட்டுக்கு அருகில் காற்று குவிக்காத, யாரும் மிதிக்காத சமதரை ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். கூரையில் பனி இருக்கத் தொடங்கிய நாளிலிருந்து அங்கேயும் தொடாமல் விட்டிருக்க வேண்டும். 30 சென்டிமீட்டருக்கு 30 சென்டிமீட்டர் சதுரமாக, மேலிருந்து தரைவரை, நேர் சுவராகப் பனியை வெட்டுங்கள். வெட்டிய அத்தனையையும் வாளியில் போட்டு எடைபோட்டு, வாளியின் எடையைக் கழியுங்கள். மீதியை 11-ஆல் பெருக்கினால் ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை கிலோ என்று வந்துவிடும். வாளியில் 9 கிலோ என்றால் சுமை ஏறக்குறைய 100 கிலோ. இதைக் கட்டட வரைபடத்தில் உள்ள பனிச்சுமை எண்ணோடு ஒப்பிடுங்கள். வரைபடம் கிலோநியூட்டனில் சொன்னால் ஒரு கிலோநியூட்டன் சுமார் 100 கிலோ என்று வைத்துக்கொள்ளலாம். வரைபடம் இல்லாத பழைய வீடு என்றால் பனிக்காலத்துக்கு முன்பே ஒரு கட்டடப் பொறியாளரிடம் கேட்டு அந்த எண்ணை எழுதி வாங்கிக்கொள்வது நல்லது.

தொடர் புயல்களில் ரொம்பவும் பயப்பட வேண்டியது பனியின் மேல் மழை. இரண்டு புயல்களுக்கு நடுவே வெப்பம் ஏறி 25 மில்லிமீட்டர் மழை பெய்து, கூரைப் பனி அதை உறிஞ்சிக்கொண்டால், சதுர மீட்டருக்கு 25 கிலோ கூடிவிடும். பனியின் உயரமோ குறைந்திருக்கும். பார்க்கிறவர்கள் சுமை குறைந்தது என்று நினைத்துக்கொள்வார்கள். வானிலை அறிக்கையில் மழை என்று வந்தால், மழைக்கு முன்பே கூரையை வாரிவிட வேண்டும்.

2006 ஜனவரியில் போலந்தின் கட்டோவிட்சே நகருக்கு அருகே ஒரு கண்காட்சிக் கூடத்தின் தட்டைக் கூரை பனிச்சுமையோடு இடிந்து 65 பேர் இறந்தார்கள். தட்டைக் கூரையும் அகலத் தூண் இடைவெளியும் உள்ள கட்டடங்கள்தான் முதலில் தள்ளாடும். வீடுகளில் வண்டி நிறுத்தும் கொட்டகை, தாழ்வாரம், உயரக் கூரையை ஒட்டிய தாழ்ந்த கூரை ஆகியவற்றைக் கவனியுங்கள். உயரக் கூரையிலிருந்து சரிவதும் காற்று குவிப்பதும் அந்தத் தாழ்ந்த கூரையில்தான் சேரும். உள்கதவுகள் திடீரென்று இறுகி மூட மறுப்பது, சுவரிலும் உட்கூரையிலும் புதிய விரிசல், மரம் முறிவது போன்ற சத்தம், உட்கூரை தொங்குவது, இவற்றில் ஒன்றைக் கண்டாலும் அந்தப் பகுதியிலிருந்து எல்லோரும் வெளியேற வேண்டும். வாருவதெல்லாம் பிறகு.

வாருவதற்கு நீளக் கைப்பிடி கொண்ட கூரைவாரி வாங்கிக்கொள்ளுங்கள், தரையில் நின்றே இழுக்கலாம். விளிம்பிலிருந்து தொடங்கி மேல்நோக்கி, ஒவ்வொரு இழுப்பிலும் சில சென்டிமீட்டர் மட்டும். ஒரு சரிவை முழுக்கக் காலிசெய்துவிட்டு மறு சரிவுக்குப் போகாதீர்கள். ஒரு பக்கம் மட்டும் சுமை நின்றால் சட்டம் முறுக்கிக்கொள்ளும். ஐந்து சென்டிமீட்டர் பனியை அப்படியே விட்டுவிட்டால் ஓடும் தகடும் கீறாது. மின்கம்பி இருக்கும் பக்கம் உலோகக் கைப்பிடியை ஓங்கவே கூடாது. பனி அதிகம் விழும் ஜப்பானிய மலையூர்களில் ஒவ்வொரு குளிர்காலமும் கூரைப் பனி வாரப் போய் விழுந்து இறப்பவர்களில் முதியவர்களே அதிகம். கூரையேறித்தான் ஆக வேண்டுமென்றால் கயிறும் இடுப்புப் பட்டையும் கீழே ஒரு துணையும் இல்லாமல் ஏறாதீர்கள்.

கூரை விளிம்பில் பனிக்கட்டி அணை கட்டி நீர் உள்ளே கசிந்தால் கோடாலியால் கொத்த வேண்டாம், கூரையும் சேர்ந்து பெயர்ந்துவிடும். பழைய காலுறையில் கால்சியம் குளோரைடை நிரப்பி, அணைக்குக் குறுக்கே படுக்கவைத்தால் நீர் வடிய ஒரு வாய்க்கால் உருகிக் கிடைக்கும். அணை உருவாவதன் காரணம் வீட்டுக்குள்ளிருந்து கூரைக்குப் போகும் சூடு. நிரந்தரத் தீர்வு கோடையில் அட்டத்துக்கு வெப்பக்காப்பு போடுவதுதான்.

சூடு

விறகின் ஈரப்பதம் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும். ஈரமானியைக் கட்டையின் வெளிப்புறத்தில் வைத்துப் பார்ப்பது வீண், அங்கே எப்போதும் காய்ந்துதான் இருக்கும். கட்டையைப் புதிதாகப் பிளந்து உள்முகத்தில் வைத்துப் பாருங்கள். ஈர விறகு புகையும். அந்தப் புகை குளிர்ந்த புகைபோக்கியில் கிரியோசோட் என்ற தார் படிவமாக ஒட்டும். ஒருநாள் அதுவே புகைபோக்கிக்குள் தீப்பிடிக்கும். சாலை அடைபட்ட நாளில் தீயணைப்பு வண்டி வராது என்பதை மனதில் வைத்து, பருவம் தொடங்குவதற்கு முன் புகைபோக்கியைச் சுத்தம் செய்துவிடுங்கள்.

எவ்வளவு விறகு வேண்டும் என்பது அடுப்புக்கும் வீட்டுக்கும் ஏற்ப மாறும். அதனால் ஒரு குளிர்நாளில் மற்ற ஹீட்டரையெல்லாம் அணைத்துவிட்டு, 24 மணி நேரத்தில் எரியும் கட்டையை எடைபோட்டுப் பாருங்கள். அதை 14-ஆல் பெருக்கி, இன்னும் பாதி சேருங்கள். மூன்று நாள் விறகு எப்போதும் வீட்டுக்குள்ளோ தாழ்வாரத்திலோ இருக்கட்டும். சாம்பலை மூடியுள்ள உலோக வாளியில் அள்ளி, வீட்டிலிருந்து மூன்று மீட்டர் தள்ளி வையுங்கள். சாம்பலுக்குள் கங்கு நாள்கணக்கில் உயிரோடு இருக்கும். மரத் தாழ்வாரத்தில் அட்டைப் பெட்டியில் வைத்த சாம்பல் பல வீடுகளை எரித்திருக்கிறது.

கேஸ் அடுப்பை நம்புகிறவர்கள் சிலிண்டரில் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். புரொப்பேன் மைனஸ் 42 டிகிரிவரை ஆவியாகும். பியூட்டேன் மைனஸ் அரை டிகிரியிலேயே நின்றுவிடும். முகாம் அடுப்புக்கான சின்ன பியூட்டேன் டப்பா குளிரில் எரியாததற்கு அதுதான் காரணம், டப்பா காலி என்று தூக்கி எறியாதீர்கள்.

கரண்ட் போனால் முழு வீட்டையும் சூடாக்கப் பார்க்காமல் ஒரே அறைக்குள் எல்லோரும் வந்துவிடுங்கள். அடுப்புள்ள அறை, இல்லாவிட்டால் ஜன்னல் குறைந்த சிறிய அறை. கதவிடுக்கில் துணியைச் சுருட்டி அடையுங்கள், ஜன்னலுக்குக் கம்பளி தொங்கவிடுங்கள். அறைக்குள்ளேயே கூடாரம் அடித்துக் குழந்தைகளைத் தூங்கவைப்பது நன்றாகப் பலிக்கும் உத்தி. அடுப்பு எரியும் அறையை முழுக்கக் காற்றுப் புகாமல் அடைத்துவிடாதீர்கள். கரியடுப்பு, தந்தூரி அடுப்பு, ஜெனரேட்டர் எதுவும் வீட்டுக்குள்ளோ கேரேஜுக்குள்ளோ எரியக் கூடாது, கதவைத் திறந்து வைத்தாலும் கூடாது. பேட்டரியில் ஓடும் கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒவ்வொரு தளத்திலும், படுக்கும் இடத்துக்கு அருகே வேண்டும். வீட்டில் பலருக்கு ஒரே நேரத்தில் தலைவலியும் குமட்டலும் வந்து, வெளியே போனதும் குறைந்தால் அது காய்ச்சல் அல்ல. உடனே எல்லோரும் வெளியே.

ஜெனரேட்டர்

வீட்டிலிருந்து ஆறு மீட்டராவது தள்ளி, புகை ஜன்னலுக்கு எதிர்த்திசையில் போகும்படி, நான்கு பக்கமும் திறந்த சின்னக் கொட்டகையில் வையுங்கள். சுவர் பிளக்கில் சொருகி வீட்டுக்குக் கரண்ட் ஏற்றுவது கொலைக்குச் சமம். அந்த மின்சாரம் டிரான்ஸ்ஃபார்மர் வழியாக உயரழுத்தமாக லைனுக்குத் திரும்பும், கம்பி சரிசெய்பவர் மேல் பாயும். வீட்டை லைனிலிருந்து பிரித்து ஜெனரேட்டருக்கு மாற்றும் சேஞ்ச்ஓவர் ஸ்விட்ச் போடுங்கள், இல்லையென்றால் எக்ஸ்டென்ஷன் கேபிளோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

உயரம் ஏற ஏறக் காற்று மெலிந்து, ஒவ்வொரு 300 மீட்டருக்கும் திறன் சுமார் மூன்றரை சதவீதம் குறையும். 2000 மீட்டரில் கால்வாசி போய்விடும். பெட்டியில் போட்டிருக்கும் வாட் எண்ணை அப்படியே நம்பாதீர்கள். கிணற்று மோட்டார் தொடங்கும்போது ஓடுவதைப்போல மூன்று மடங்குக்கு மேல் இழுக்கும், சின்ன ஜெனரேட்டர் அதைக் கிளப்பாது.

இரண்டு கிலோவாட் இன்வெர்ட்டர் வகை ஜெனரேட்டர், கால்வாசி லோடில் மணிக்கு அரை லிட்டர் பெட்ரோல் குடிக்கும். காலை இரண்டு மணி நேரம், மாலை இரண்டு மணி நேரம் ஓட்டினால் ஃப்ரிட்ஜ், ஃபோன், விளக்கு பேட்டரி எல்லாம் சமாளிக்கும். லோடு கூடும் நாள்களையும் சேர்த்து இரண்டு வாரத்துக்கு 40 லிட்டர் வைத்துக்கொள்ளலாம், உங்கள் இடத்துச் சேமிப்பு விதி அனுமதித்தால். பெட்ரோல் கெடாமல் காக்கும் ஸ்டெபிலைசர் திரவம் கலந்து, வீட்டோடு ஒட்டாத கொட்டகையில் வையுங்கள். எண்ணெய் 5W-30, கையேடு சொல்லும் மணிக்கணக்கில் மாற்ற இரண்டு முறைக்கான அளவு கையில் இருக்க வேண்டும். சூடான எஞ்சினில் பெட்ரோல் ஊற்றாதீர்கள். கடுங்குளிரில் கிரான்க்கேஸ் எனும் எஞ்சின் அடிப்பெட்டியின் மூச்சுக் குழாயில் ஈரம் உறைந்து அடைத்துக்கொள்ளும். உள்ளழுத்தம் ஏறி எண்ணெயைச் சீல் வழியாக வெளியே தள்ளும். ஜெனரேட்டருக்கு அடியில் பனியில் எண்ணெய்க் கறை தெரிந்தால் உடனே நிறுத்திவிட்டு அந்தக் குழாயைப் பாருங்கள்.

லித்தியம் பேட்டரிகளை பூஜ்யம் டிகிரிக்குக் கீழே சார்ஜ் செய்தால் உள்ளே நிரந்தரமாகக் கெட்டுவிடும். முதலில் அறைக்குள் கொண்டுவந்து சூடேற விடுங்கள்.

தண்ணீரும் பைப்பும்

குடிக்கவும் சமைக்கவும் ஓர் ஆளுக்கு நாளுக்கு நான்கு லிட்டர். நான்கு பேருக்குப் பதினான்கு நாளுக்கு 224 லிட்டர். கழிப்பறைக்குத் தனி, ஒரு முறைக்கு ஆறு லிட்டர் வாளியாக ஊற்றலாம். பனியை உருக்கிக் குடிக்கலாம் என்று நினைப்பவர்கள் எரிபொருளைக் கணக்கில் எடுப்பதில்லை. ஒரு லிட்டர் நீருக்குப் புதுப் பனி பத்து லிட்டர் அளவுக்கு வேண்டும். அதை உருக்க மட்டுமே ஆகும் வெப்பத்தில் அதே நீரை பூஜ்யத்திலிருந்து 80 டிகிரிக்குக் கொண்டுபோகலாம். பாத்திரத்தில் முதலில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி அதில் பனியைச் சேருங்கள், வெறும் பனியைப் போட்டால் அடிபிடித்துக் கருகல் வாடை வரும். 2000 மீட்டருக்கு மேல் மூன்று நிமிடம் கொதிக்க வேண்டும். 2500 மீட்டரில் தண்ணீர் 92 டிகிரியை ஒட்டியே கொதிப்பதால், பருப்பும் தானியமும் வேகப் பிரஷர் குக்கர் எரிபொருளை நிறைய மிச்சப்படுத்தும்.

வெப்பக்காப்பு இல்லாத பைப்புகள் வெளியே மைனஸ் 6, 7 டிகிரி ஆனதும் உறையும் ஆபத்தில் இருக்கின்றன. பைப் வெடிப்பது பெரும்பாலும் பனிக்கட்டி இருக்கும் இடத்தில் அல்ல. கட்டி வளரும்போது அதற்கும் மூடிய குழாய்க்கும் நடுவே சிக்கிய நீரில் அழுத்தம் ஏறி, அங்கேதான் கிழியும். குழாயைக் கொஞ்சமாகச் சொட்டவிட்டால் அந்த அழுத்தம் தேங்காது. சிங்குக்கு அடியிலுள்ள அலமாரிக் கதவுகளையும் திறந்து வையுங்கள்.

சூடு முற்றிலும் நின்று, திரும்ப வரும் நம்பிக்கையும் இல்லை என்றால் பைப்பை வடித்துவிடுவதே மேல்:

1. வாட்டர் ஹீட்டரை முதலில் அணையுங்கள். காலியான தொட்டியில் சூடேற்றும் கம்பி எரிந்துபோகும்.
2. மெயின் வால்வை மூடுங்கள்.
3. மேல் தளக் குழாய்களைத் திறந்து, பிறகு மிகத் தாழ்ந்த இடத்திலுள்ள வடிகுழாயைத் திறங்கள். மேலே காற்று நுழைந்தால்தான் கீழே முழுக்க வடியும்.
4. கழிப்பறைத் தொட்டியைக் காலிசெய்து, மீதியை ஸ்பாஞ்சால் ஒற்றி எடுங்கள்.
5. சிங்க், குளியலறை வளைவுகளில் நீர் நின்றுவிடும். ஒவ்வொன்றிலும் அரை முதல் ஒரு லிட்டர் புரொப்பிலீன் கிளைக்கால் ஊற்றுங்கள். கார் ரேடியேட்டருக்கான எத்திலீன் கிளைக்கால் நஞ்சு, அது கூடாது.

உறைந்த பைப்பை உருக்கும்போது குழாயைத் திறந்து வைத்து, குழாய்ப் பக்கத்திலிருந்து கட்டியை நோக்கி ஹேர் டிரையரால் சூடுகாட்டுங்கள். ஊதுவிளக்கு வேண்டாம்.

உணவு, மருந்து, வண்டி

சமைக்காமலும் தின்னக்கூடிய உணவு மூன்று நாளுக்கு, மீதி நாள்களுக்கு வழக்கமான உலர்பொருள். ஃப்ரிட்ஜைத் திறக்காமல் வைத்தால் நான்கு மணி நேரமும், நிறைந்த ஃப்ரீசர் 48 மணி நேரமும் தாங்கும். மருந்து மூன்று வாரத்துக்கு வாங்கி வையுங்கள். இன்சுலின் உறைந்தால் கெட்டது கெட்டதுதான். கரண்ட் இல்லாத இரவில் அதை உடம்போடு ஒட்டிய பையில் வைத்திருங்கள்.

வண்டியை வெளியேறும் திசை நோக்கி நிறுத்துங்கள், டேங்க் பாதிக்குக் கீழே இறங்கக் கூடாது. ஈரத்தோடு கைப்பிரேக் போட்டால் உறைந்து பிடித்துக்கொள்ளும், கியரில் விட்டுச் சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள். சார்ஜ் இறங்கிய பேட்டரி மைனஸ் 10 டிகிரியை ஒட்டியே உறையும். உறைந்த பேட்டரிக்கு ஜம்ப் கொடுத்தால் வெடிக்கக்கூடும். வழுக்காமல் இருக்கச் சக்கரத்தில் சங்கிலி மாட்டுவதை உலர்ந்த பகலில் ஒருமுறை பழகிப் பார்த்துவிடுங்கள். மாட்டிச் சற்றுத் தூரம் ஓட்டிய பிறகு நிறுத்தி மறுபடி இறுக்க வேண்டும். வழியில் சிக்கிக்கொண்டால் வண்டியை விட்டு நடக்காதீர்கள். எஞ்சினை மணிக்குப் பத்து நிமிடம் ஓட்டலாம், ஒவ்வொரு முறையும் புகைக்குழாயைச் சுற்றிப் பனியை அகற்றிய பிறகு.

இரண்டு புயல்களுக்கு நடுவே கிடைக்கும் நாள்

வானம் வெளுத்ததும் ஓய்வெடுக்கத்தான் தோன்றும். ஆனால் அடுத்த புயலுக்கான தயாரிப்புக்குக் கிடைப்பது அந்தச் சில மணி நேரம்தான். முதலில் புகை வெளியேறும் குழாய்களும் கேஸ் ரெகுலேட்டரும், அடுத்து இரண்டு வெளிவாசல்கள், பிறகு கூரைச் சுமை அளவு. அதன் பிறகே பாதையை அகலப்படுத்துவது, பனிச்சுவரைப் பின்தள்ளுவது. வீட்டுக்குள் விறகு நிரப்புவது, எண்ணெய் மாற்றுவது, தண்ணீர் பிடிப்பது இருட்டுவதற்கு முன் முடியட்டும். பக்கத்து வீட்டு முதியவரின் புகைபோக்கியில் புகை வருகிறதா என்றும் ஒரு பார்வை.

அந்த வெயிலை நம்பிச் சரிவுக்கு அடியில் போக வேண்டாம். 30 முதல் 45 டிகிரி சாய்வுள்ள சரிவுகளில்தான் பெரும்பாலான பனிச்சரிவுகள் கிளம்புகின்றன. புயல் நேரத்திலும் அது ஓய்ந்த 24 முதல் 48 மணி நேரத்திலும் ஆபத்து உச்சத்தில் இருக்கும். புதுப் பனி 30 சென்டிமீட்டருக்கு மேல் விழுந்திருந்தாலோ, காற்று பலமாக வீசியிருந்தாலோ, வெப்பம் சட்டென்று ஏறினாலோ இன்னும் கூடும். வீட்டுக்குப் பின்னால் அப்படி ஒரு சரிவு இருந்தால் சரிவுப் பக்கத்து அறைகளில் படுக்காதீர்கள். வெளியேறச் சொல்லி அறிவிப்பு வந்தால், கூரையில் வேலை பாதியில் நின்றாலும் அப்படியே போட்டுவிட்டுக் கிளம்புங்கள்.